வாடிவாசலுக்கு முந்தைய வாசல்

மனுக்களைத் திருப்பி அனுப்புகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெறும்வரை அந்தப் பெயரும் என்னோடு பதவி உயர்வு பெற்றுக்கொண்டே வந்தது. இணைப்பு இல்லையா, திருப்பு. கையொப்பம் இல்லையா, திருப்பு. சர்வே எண்ணோடு உட்பிரிவு எழுதவில்லையா, காரணத்தைச் சிவப்பு மையில் எழுதித் திருப்பு. திருப்பியதையெல்லாம் வாங்கிய அன்றைக்கே திருப்பினேன் என்பதை மட்டும் சனங்கள் மறந்துவிட்டார்கள். எனக்குப் பக்கத்து மேசைக்காரர் எந்த மனுவையும் திருப்ப மாட்டார். சிரித்த முகமாக வாங்கி, கட்டுக்கு அடியில் செருகிக்கொள்வார். அவரைத் தங்கமான மனிதர் என்றார்கள். அவரிடம் கொடுத்த மனுக்கள் அவர் மாற்றலாகிப் போன பிறகுதான் வெளிச்சத்தைப் பார்த்தன.

ஓய்வுக்குப் பிறகு பகல் பொழுதை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. தொலைக்காட்சித் தொடர்களைக் கொஞ்ச நாள் பார்த்தேன். அதில் வருகிறவர்கள் சொத்தை மாற்றுகிறார்கள், கல்யாணத்தை ரத்து செய்கிறார்கள், பிள்ளையைத் தத்து எடுக்கிறார்கள். ஒருவரும் எந்த நடைமுறையையும் பின்பற்றுவதில்லை. மனம் பொறுக்காமல் அணைத்துவிட்டு, இணையத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்து கோடு, அதாவது கம்ப்யூட்டருக்கான நிரல், எழுதக் கற்றுக்கொண்டேன். கணிதத்தில் முதுகலை படித்துவிட்டுப் பட்டா மாறுதல் பார்த்தவளுக்கு அது ஒன்றும் பெரிய இறக்கம் இல்லை.

அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. வெளியிலிருந்து வரும் எதையும் நம்பாதே, வாசலிலேயே சரிபார், சரியில்லை என்றால் காரணம் சொல்லி உடனே திருப்பு என்று பாடத்துக்குப் பாடம் எழுதியிருந்தார்கள். இதற்காக மாநாடு கூட்டிக் காபி குடிக்கிறார்களாம். எனக்கு இதே காரியத்துக்குக் கிடைத்தது முசுடு என்ற பட்டம்.

எங்கள் ஊர் அன்னவாசலுக்கு அந்தப் பக்கம். மாசியில் ஜல்லிக்கட்டு நடக்கும். மாடு வாடிவாசலுக்குள் போக டோக்கன் வேண்டும். டோக்கனை விழாக் குழு பள்ளிக்கூட வாசலில் வைத்துக் கையில் கொடுக்கும். கொடுக்கும் என்று சொல்வது பழக்க தோஷம். போன வருஷம் விடியுமுன்பே வந்து வரிசையில் நின்றவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்; டோக்கன்கள் எங்கிட்டோ போய், மெயின் ரோட்டுப் பிரவுசிங் சென்டர்க்காரர் கையில் கட்டாக முளைத்தன. தள்ளுமுள்ளாகி, போலீஸ் வந்து, பள்ளிக்கூட கேட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அந்த வரிசையில் என் தங்கையும் நின்றிருந்தாள். அவள் புருஷன் போன பிறகு வீட்டில் அவளும் ஒரு செவலைக் காளையும்தான். மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறான். கன்றாக வாங்கி, பருத்திக்கொட்டை அரைத்து ஊற்றி, மண்ணைக் குத்தப் பழக்கி, குளத்தில் நீச்சல் விட்டு அவள் வளர்த்த மாடு ஒரு தடவைகூட எங்கள் ஊர் வாடியைப் பார்க்கவில்லை. முந்தின வருஷமும் டோக்கன் இல்லை, போன வருஷமும் இல்லை. மகன் போனில் முடிவாகச் சொல்லிவிட்டான்: "இந்த வருசமும் வாடியில அவுக்கலைன்னா சந்தைக்கு ஓட்டிருவோம்மா. நீ ஒத்த ஆளா எத்தனை நாளைக்கு இதோட மல்லுக்கட்டுவ?"

சந்தைக்குப் போகிற காளை அங்கிருந்து எங்கே போகும் என்று எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தங்கை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இந்த நிலையில்தான் விழாக் குழு என்னைத் தேடி வந்தது. இன்னொரு தடவை டோக்கனுக்குக் கூட்டம் கூடினால் அனுமதிக்குப் பரிந்துரைக்க மாட்டேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டாராம். வெப்சைட் போடுவதற்குப் புதுக்கோட்டையில் விசாரித்திருக்கிறார்கள். கேட்ட தொகையைக் கேட்டதும் ஊரிலேயே ஒரு தாசில்தாரம்மா கம்ப்யூட்டர் தட்டுவது ஞாபகம் வந்திருக்கிறது. துணை என்ற சொல்லை ஊர் என்றைக்குமே முழுங்கிவிடும்; நானும் திருத்துவதில்லை.

"பொம்பளைங்களை வாடிப் பக்கமே விடமாட்டோம்னு சொன்னது நீங்கதானே?" என்று குழுத் தலைவரிடம் கேட்டேன்.

"அது வாடிங்கம்மா. இது வெப்சைட்டு."

"ரெண்டுலயும் முட்டத்தான் செய்யும். சரி, செய்யிறேன். ஆனா நான் சொல்றதுதான் முறை. யாருக்கும் சிபாரிசு கிடையாது."

"எனக்குக்கூடவா?"

"உங்களுக்குத்தான் முதல்ல கிடையாது."

மனிதர் சிரித்தார். பொருளாளர் சிரிக்கவில்லை. "சைட்டு படுத்துருச்சுன்னா பழையபடி கையிலதான் குடுக்கணும். அதையும் சொல்லிட்டேன்" என்றார். பழையபடி என்றால் யார் கைக்குப் போகும் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். என் தங்கையின் மாட்டுக்கு அப்புறம் சந்தைதான்.

விண்ணப்பத்தில் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். உரிமையாளர் பெயர், போன் எண், மாட்டின் நிறம், வயது, கால்நடை மருத்துவர் முகாமில் காதில் போட்ட வில்லையின் எண். வயதை வருஷத்தில் கேட்டால் ஊரில் பாதிப்பேர் குத்துமதிப்பாக அடிப்பார்கள். மாட்டுக்கு வயசு பல்லில்தான் இருக்கிறது. அதனால் ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடைப்பல் என்று கொடுத்துத் தொடச் சொல்லிவிட்டேன். தெரிந்ததைக் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். தெரியாததைக் கேட்டுவிட்டுப் பொய் சொல்கிறார்கள் என்று குறைபட்டுக்கொள்வது அலுவலகங்களின் பழக்கம்.

தங்கை ஒருநாள் கறிக்குழம்பு கொண்டுவந்தாள். காரணமில்லாமல் அவள் வீட்டுக் குழம்பு என் வீட்டு வாசல்படி ஏறாது.

"ஏங்க்கா, அந்தக் கம்ப்யூட்டரு ஒன் கையிலதான இருக்கு?"

"ஆமா."

"நம்ம செவலைய மொத ஆளாத் தட்டி விட்டுரேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

"நீ பென்சன் வாங்குறவக்கா. இன்னும் எந்த ஆபீசருக்குப் பயப்படுற?"

"எல்லாரும் வர்ற வழியில வா. வழியை நல்லா போட்டுத் தாரேன். சுவரேறிக் குதிக்கவிட மாட்டேன்."

அவள் பாத்திரத்தைக் குழம்போடு திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து பேச்சு இல்லை. ஆனாலும் ஒத்திகைக்கு வந்தாள். அதாவது, அவள் போனிலிருந்து விண்ணப்பம் வந்தது.

ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ஊர் வாட்ஸப் குழுவில் இணைப்பைப் போட்டு, எல்லோரும் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள், இது நிஜ டோக்கன் இல்லை என்று எழுதினேன். நூலகக் கட்டடத்தில் குழுவினர் என் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். விண்ணப்பங்கள் வரிவரியாக லாக் என்ற பதிவேட்டில் ஏறின. தலைவருக்குப் பெருமை. சட்டென்று ஒரு வரி பாதியில் நின்றது. அடுத்தது வரவில்லை. ஊர் முழுக்கப் போன்களில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"படுத்துருச்சா?" என்றார் பொருளாளர். அந்தக் குரலில் இருந்த திருப்தியை நான் இன்னும் மறக்கவில்லை.

நின்றுபோனது என் தங்கையின் விண்ணப்பம்.

எங்கள் பக்கத்தில் எதை எழுதினாலும் சாமியைச் சேர்க்காமல் எழுத மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை, லாரிக் கண்ணாடி, பால் கார்டு, எல்லாவற்றிலும் சாமி துணை இருக்கும். பெயர் என்ற கட்டத்தில் அவள் தன் பெயரோடு அய்யனார் துணை என்று எழுதி, நோட்டீஸில் அடிப்பதுபோல வரிசையாகப் புள்ளி வைத்து, கடைசியில் இரண்டு கைகூப்பிய கும்பிடு படத்தைப் போட்டிருந்தாள். அவ்வளவுதான். சர்வர் அதைப் படிக்க உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை.

குற்றம் கும்பிடில் இல்லை. பெயரைச் சோதிக்க நான் ரெஜெக்ஸ் என்ற சுருக்கெழுத்தில் ஒரு விதி எழுதியிருந்தேன். எழுத்தும் இடைவெளியும் புள்ளியும் எத்தனை வேண்டுமானாலும் சேர்ந்து ஒரு துண்டாகலாம். அப்படித் துண்டுகள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். வேறு எதுவும் கூடாது. இனிஷியல்கள் நீளமாக இருக்கும் ஊருக்குப் பொருத்தமான விதி என்று நினைத்தேன். ஆனால் கடைசியில் கும்பிடு வந்ததும் விதி பொருந்தவில்லை. பொருந்தாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா? இயந்திரம் சொல்லாது. ஒருவேளை புள்ளிகளை வேறு மாதிரி துண்டு போட்டால் பொருந்துமோ என்று திரும்ப ஆரம்பிக்கும். இரண்டு புள்ளி ஒரு துண்டு, மீதி ஒரு துண்டு. இல்லையா? மூன்று ஒரு துண்டு. இல்லையா? ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று. வீட்டில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். ஒரு புள்ளி கூட்டினால் எடுக்கும் நேரம் இரட்டிப்பாகிறது. தங்கை வைத்திருந்த புள்ளிகளுக்கு அது விடை சொல்லி முடிப்பதற்குள் எங்கள் ஊர்க் குளம் பலமுறை நிரம்பி வற்றியிருக்கும். சர்வரில் கவுண்டரும் ஒன்றே ஒன்று. முதல் ஆளின் மனுவை இப்படிப் புரட்டிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கும் ஊர் என்ன செய்யும்?

எனக்கு அந்தப் பக்கத்து மேசைக்காரர் நினைவுக்கு வந்தார். இல்லை என்று சொல்ல மனம் வராத குமாஸ்தாவை நானே என் கையால் வாசலில் உட்கார வைத்திருக்கிறேன்.

அவரை வேலையை விட்டுத் தூக்கினேன். ரெஜெக்ஸ் முழுவதையும் அழித்துவிட்டு, என் மேசையில் நான் மனு வாங்கிய முறையை அப்படியே கோடாக எழுதினேன். முதலில் எடை. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிப்பதற்கு முன்பே, வந்திருப்பது எவ்வளவு பெரியது என்று பார். அளவுக்கு மீறினால் பிரிக்காமலே திருப்பு. பிறகு, கேட்ட கட்டங்கள் மட்டும் இருக்கின்றனவா? கேட்காத ஒன்று கூடுதலாக இருந்தால் திருப்பு. பெயரை இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை, ஒவ்வொரு எழுத்தாகப் பார். எழுத்து, இடைவெளி, புள்ளி, இவற்றைத் தவிர எதைக் கண்டாலும் அந்த இடத்திலேயே நில், காரணத்தைச் சொல், திருப்பு. பின்னால் போகாதே. யோசிக்காதே. ஒருவேளை இப்படி இருக்குமோ என்று ஊகிக்காதே. வில்லை எண், முகாமில் மருத்துவர் போட்ட எண்களில் ஒன்றா என்று கடைசியில் பார், ஏனென்றால் அதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும்.

இணையத்தின் ஆரம்பகாலத்து ஆட்கள் வாங்குகிற இடத்தில் தாராளமாக இருக்கச் சொன்னார்களாம். நல்ல மனது. நானும் தாராளமான குமாஸ்தாக்களைப் பார்த்திருக்கிறேன். மனுவில் தெளிவில்லாத எண்ணைத் தாங்களே அனுமானித்து எழுதுவார்கள். அடுத்த தலைமுறை நீதிமன்றத்தில் நிற்கும். எனவே கும்பிடை நானே உருவிவிட்டுப் பெயரை ஏற்றுக்கொள்ளலாமே என்று தலைவர் சொன்னபோது மறுத்துவிட்டேன். "இன்னைக்கு கும்பிடு. நாளைக்கு வேற எதையாவது உருவச் சொல்வீங்க. என்ன எழுதுனாங்களோ அதுக்கு அவங்கதான் பொறுப்பு" என்றேன்.

திருப்புகிற வாசகத்துக்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன். சிவப்பு மையில் எழுதிய காலத்தில் 'விதிகளின்படி ஏற்க இயலாது' என்று முடித்துவிடுவேன். இதில், 'பெயர் கட்டத்தில் படம் இருக்குங்க. படத்தை அழிச்சிட்டு மறுபடி அனுப்புங்க' என்று எழுதினேன்.

டோக்கன் திறக்கிற நாள் வந்தது. காலை பத்து மணிக்கு. நூலகத்தில் அதே ஆட்கள். பொருளாளர் முன்னேற்பாடாகக் கையில் கொடுக்கும் டோக்கன் புத்தகத்தையும் கொண்டுவந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி மேசையில் வைத்திருந்தார்.

மணி அடித்ததும் லாக் மழை மாதிரி கொட்டியது. மனிதர்களுக்குப் பட்டன் என்றால் காலிங் பெல் என்று நினைப்பு. கதவு திறக்கும்வரை அமுக்குவார்கள். ஒரே விண்ணப்பம் திரும்பத் திரும்ப வந்தது; முதலாவதை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பியது. வெற்று விண்ணப்பம், திருப்பியது. பெயர் கட்டத்தில் மாட்டின் முழு வீர வரலாறு, திருப்பியது. பெயர் கட்டத்தில் கட்சித் தலைவருக்கு வாழ்த்து, திருப்பியது. சரியானவை சரசரவென்று உள்ளே போய் டோக்கனாக வெளியே வந்தன. ஒரு வரிகூட நிற்கவில்லை. ஏற்பதும் திருப்புவதும் ஒரே வேகத்தில் நடப்பதைப் பார்க்கப் பார்க்க, பணிக்காலம் முழுக்கக் கனவு கண்ட அலுவலகம் அதுதான் என்று தோன்றியது. அதில் டீக்குப் போகிறவரும் இல்லை.

நடுவில் ஒரே இடத்திலிருந்து ஒரு படையெடுப்பு. வில்லை எண்கள் வரிசையாக ஒன்று கூட்டி ஒன்று கூட்டி வந்தன. எந்த மருத்துவரும் காணாத மாடுகள். சிலவற்றில் பெயர் என்ற இடத்தில் பெயரே இல்லை. கோண அடைப்புக்குறிக்குள் கம்ப்யூட்டரை ஏவுகிற கோடு. அதை வாங்கி வைத்திருந்தால், குழுவினர் பட்டியலைத் திறக்கிற நேரம் அந்தக் கோடு அவர்கள் கணினியிலேயே வேலையைக் காட்டியிருக்கும். முதல் அடைப்புக்குறியிலேயே ஒவ்வொன்றும் திரும்பியது. சற்று நேரத்தில் நூலக வாசலில் பைக் சத்தம். பிரவுசிங் சென்டர்க்காரர் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"அம்மா, ஒங்க சைட்டு எங்க கடையில வேலை செய்ய மாட்டேங்குது."

"நல்லா வேலை செய்யிதுங்களே. அதனாலதான் நீங்க இங்கிட்டு வந்திருக்கீங்க."

"ஏழை எளியதுங்க மாடும்மா. நான் உதவிக்குத்தான் நிரப்பிக் குடுக்குறேன்."

"மாட்டை ஓட்டிட்டு வாங்க. காதைப் பார்த்து நானே நிரப்பித் தாரேன்."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். பைக் சத்தம் வந்த வழியே போனது.

டோக்கன் பாதிக்கு மேல் போய்விட்டது. என் கண் ஒரு வில்லை எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. வாரக்கணக்கில் என்னோடு பேசாதவளின் மாட்டு எண் எனக்கு மனப்பாடம். கடைசியில் வந்தது. திருப்பப்பட்டது என்ற பிரிவில் வந்தது. காரணம்: பெயர் கட்டத்தில் படம்.

மறுபடியும் கும்பிடு போட்டிருக்கிறாள்!

தலைவர் எட்டிப் பார்த்தார். "அம்மா, அது ஒங்க தங்கச்சி மாடுல்ல? பாவம், கொஞ்சம் பார்த்து உள்ள தள்ளிருங்க. நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

என் விரல் விசைப்பலகையின் மேல் இருந்தது. ஒரு வரி தட்டினால் போதும். மேசையில் பொருளாளரின் டோக்கன் புத்தகம். வெளியில் ஒரு செவலையின் ஆயுசு. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "திருப்புனாலும் உடனே திருப்பிருக்கு. திருத்த அவளுக்கு நேரம் இருக்கு" என்றேன். சொல்லும்போது குரல் எனக்கே தைரியமாகக் கேட்கவில்லை.

அடுத்த வரி, அதற்கடுத்த வரி, யார் யாரோ. பிறகு அதே எண். ஏற்கப்பட்டது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஒத்திகையில் ஊரையே நிறுத்திய அதே புள்ளிகளும் அதே கும்பிடும், இந்த முறை கண் சிமிட்டும் நேரத்தில் திரும்பி அவள் கைக்குப் போயிருக்கின்றன. 'இல்லை' என்று வேகமாகச் சொன்னதால்தான் 'ஆம்' என்று சொல்ல இடம் மிச்சமிருந்தது. போன் அடித்தது.

"என்னக்கா, ஒன் மிசினும் ஒன்ன மாதிரியே மூஞ்சில அடிக்குது! சாமிக்கு ஒரு கும்பிடு போட்டா என்னவாம்?"

"டோக்கன் வந்துச்சா?"

"வந்துச்சு. கும்பிடு இல்லாமத்தான் வந்துச்சு. கோயிலுக்கே போயி நேர்ல போட்டுட்டு வாரேன், அங்க ஒன் மிசினு குறுக்க வராதுல்ல?" உடனே குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, நீ தட்டி விட்டியா, இல்ல அதுவாக் குடுத்துச்சா?"

"அதுவாக் குடுத்துச்சு. நீயா வாங்குனது."

மதியத்துக்குள் கடைசி டோக்கனும் போய்விட்டது. பள்ளிக்கூட வாசலில் ஈ காக்கைகூட இல்லை. இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஒரு சுற்று வந்து, கூட்டம் எங்கே என்று விசாரித்துவிட்டுப் போனார். பொருளாளர் டோக்கன் புத்தகத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

ஜல்லிக்கட்டன்று பெண்கள் உட்கார ஒரு மேடை போட்டிருந்தார்கள்; அது நான் கோடு எழுதியதற்குக் கேட்ட கூலி. வாடியில் டோக்கனைப் போலீஸ்காரர் தன் போனில் சரிபார்த்து உள்ளே விட்டார். செவலை வெளியே வந்தது. ஓடவில்லை. நின்றது. முன்காலால் மண்ணை வாரி இறைத்து, ஒரு வட்டம் சுற்றியது. திமிலைப் பார்த்துப் பாய்ந்தவர்கள் பாய்ந்த வேகத்தில் தடுப்புக்கட்டை மேல் ஏறிக்கொண்டார்கள். இன்னொரு வட்டம். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் வர்ணனை சொல்லிச் சொல்லிக் குரல் கட்டியவர், "தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு, யாராவது தொட்டுப் பாருங்கப்பா" என்று கதறினார். ஒருவராலும் முடியவில்லை. தனக்கு வேண்டிய மட்டும் நின்றுவிட்டு, அது நிதானமாக முந்திரிக்காட்டுப் பக்கம் நடந்து போனது.

"மாடு ஜெயிச்சிருச்சு! மாட்டுக்காரம்மா எங்க இருந்தாலும் மேடைக்கு வாங்க!"

தங்கை கையில் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். சிங்கப்பூரில் வேலை இடைவேளையில் மகன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் மஞ்சள் தொப்பி, கண்ணில் தண்ணீர்.

"சந்தைக்கு ஓட்டுறேன்னியேடா" என்று அவள் கத்தினாள். "வா, வந்து ஓட்டிப் பாரு! ஊரே சேர்ந்து ஓட்ட முடியல!"

அவன் என்னவோ சொன்னான். கூட்டத்தின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவள் போனை என் கையில் திணித்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆண்கள் கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கியபடி மேடையைப் பார்த்து நடந்தாள்.